முதலில் கட்டை விரல், அப்புறம்தான் முதுகு

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 67. தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். பதினைந்து வயதில் பீடித் தட்டை மடியில் வைத்தவள், இப்போதும் கைச்செலவுக்குக் கொஞ்சம் சுற்றுகிறேன். ஆறு வருடமாக இடுப்புக்கு மேலே வலி. இரண்டு வருடம் முன்பு எம்.ஆர்.ஐ. எடுத்து, "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம்" என்றார்கள். அன்று முதல் பெல்ட் போட்டிருக்கிறேன். பிரஷருக்கு மாத்திரை உண்டு. ரேஷன் கடைக்கு நடந்தால் பாதி வழியில் இரண்டு காலும் கனத்துவிடும். யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்தால் சரியாகும். போன மாதம் மகள் யோகா வகுப்பில் சேர்த்துவிட்டாள். காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து பெருவிரலைப் பிடிக்கச் சொன்னார்கள். எட்டவில்லை. மாஸ்டர் முதுகில் கை வைத்து அழுத்தினார். சுள்ளென்று ஒரு வலி. நாலு நாள் படுக்கை. இப்போது மெதுவாக நடக்கிறேன். பேத்தி போனில் யோக நித்திரை என்று ஒன்று போட்டுவிடுகிறாள், பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். படுத்துக்கொண்டு யாரோ பேசுவதைக் கேட்டால் முதுகு வலி எப்படிப் போகும்? நான் இனி யோகா செய்யலாமா, விட்டுவிடவா? மார்கழிக்கு வாசலில் கோலம் போட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, "சுள்ளென்று ஒரு வலி, நாலு நாள் படுக்கை" என்ற இடத்தைத்தான். யோகாவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைப் பேசிவிடுவோம். உங்களிடம் இருக்கும் எம்.ஆர்.ஐ. அந்தச் சம்பவத்துக்கு முன்னால் எடுத்தது. அதற்குப் பிறகு ஒரு எக்ஸ்-ரே கூட எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. மாதவிடாய் நின்று பல வருடமான பெண்களுக்கு எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிப் போயிருக்கலாம். இதை எலும்புப்புரை என்கிறோம். எல்லோரும் சொல்லும் 'தேய்மானம்' வேறு, இது வேறு. புரையோடிய முதுகெலும்பு நசுங்குவதற்குக் கீழே விழ வேண்டும் என்றில்லை. குனிந்த முதுகின் மேல் ஓர் ஆளின் கை அழுத்தம் போதும். சில வாரங்களில் வலி தானாகக் குறைவதால், "பிடிப்பு, சரியாகிவிட்டது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முறிவு இருந்தது தெரியாமலே போய்விடும்.

அதனால் இந்த வாரமே அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வகுப்பில் நடந்ததை அப்படியே சொல்லி, முதுகுக்குப் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் உங்கள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது தேவை. எங்கே எடுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். வீட்டில் உங்கள் உயரத்தையும் பேத்தியை விட்டு அளக்கச் சொல்லுங்கள். முன்பு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டவில்லையா? கட்டிய சேலை தரையில் புரள்கிறதா? இள வயதில் இருந்ததைவிட 4 செ.மீ. போல உயரம் குறைந்திருந்தால், முதுகெலும்பு ஏற்கெனவே எங்கோ நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்து பாதம் தடுக்குவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இரவானாலும் சரி. சாயங்காலக் காய்ச்சலோடு எடையும் குறைந்தால், நம் ஊரில் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்போம்.

எக்ஸ்-ரே முடிவு வரும்வரை ஆசனம் எதுவும் வேண்டாம். ஆனால் பேத்தி போனில் போட்டுவிடுகிறாளே, அதை விட வேண்டாம். உங்கள் வைத்தியம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வகுப்புகளில் ஆசனமெல்லாம் முடிந்த பிறகு, நேரம் மிச்சமிருந்தால் ஐந்து நிமிடம் சவாசனம், அதாவது அசையாமல் மல்லாந்து படுத்திருப்பது, என்று வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் வலியோடு இருக்கும் பெரியவர்களுக்கு இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் அனுபவம். முதலில் தளரக் கற்றுக்கொள்ள வேண்டும், அசைவது அதற்கு அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். ஒருமுறை திருடன் வந்துபோன வீட்டு நாய், பிறகு இலை விழுந்தாலும் குரைக்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியில் நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் அப்படி ஆகிவிடுகின்றன. உட்கார்ந்தபடி செருப்பை மாட்டுவது முதுகுக்கு ஓர் ஆபத்தே இல்லை, ஆனாலும் வலி குரைக்கிறது. வலிக்கும் என்ற பயத்தில் முதுகுத் தசைகள் நாள் முழுக்க இறுகியே இருக்கின்றன. தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்தவர் இறக்கி வைக்காமலே நின்றால் என்ன ஆகும்? இறுகிய தசை வலிக்கிறது, வலியால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன வலியும் பெரிதாகத் தெரிகிறது. அம்மா, உங்கள் வலி மனப்பிரமை என்று நான் சொல்லவில்லை. வலி முழுக்க முழுக்க உண்மை. அதன் ஒரு பங்கு எலும்பில் இல்லாமல் இந்த விழிப்பில் இருக்கிறது, அந்தப் பங்கைக் குரலும் மூச்சும் தொட முடியும் என்கிறேன்.

எம்.ஆர்.ஐ.யில் வந்த 'பிதுக்கம்' பற்றியும் உங்களுக்குக் கலக்கம் இருக்கும். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கணக்கு வந்தது. அறுபது வயதுக்காரர்களில் 100-க்கு 69 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை. நரை மாதிரிதான் அதுவும். அந்த ரிப்போர்ட்டை வைத்து உங்கள் முதுகு ஒடிந்துபோனது என்று நினைத்து நடமாட்டத்தைக் குறைக்காதீர்கள்.

சரி, எப்படிச் செய்வது? தரையில் படுக்க வேண்டாம். இறங்கி எழுவதிலேயே முதுகு பிடித்துக்கொள்ளும். குழி விழாத மெத்தை போட்ட கட்டில் போதும். முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணையை அடுக்குங்கள், அப்போதுதான் இடுப்பு மெத்தையில் பதியும். மேல் முதுகு கூன ஆரம்பித்திருந்தால் தலைக்கும் சற்று உயரமான தலையணை வேண்டும். முகவாய் மேலே தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. சும்மா இருக்கும்போது உடம்பு குளிரும், மேலே ஒரு போர்வை இருக்கட்டும். மூச்சை அடக்கி வைக்காதீர்கள், உங்களுக்கு பிரஷர் இருக்கிறது. விடும் மூச்சு இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும்.

இன்று பலரும் போடும் யோக நித்திரையை இந்த வடிவத்தில் அமைத்தவர், பீகாரில் முங்கேர் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி. அந்த முறையில் உடம்பைச் சுற்றி வருவது வலது கைக் கட்டை விரலில் தொடங்கும். உங்களுக்கு இது பொருத்தமாக அமைந்திருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் பீடி இலையைச் சுருட்டி மடித்த விரல் அது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று கணக்கு வைத்த வேலையில், அந்த விரலை ஓய்வெடுக்க யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பீடி சுற்றிய அம்மாக்கள் படுத்திருக்கும்போதும் அவர்களின் விரல் மடங்கியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விரல் தளர்ந்தால் தோள் தளரும், தோள் தளர்ந்தால் மூச்சு கீழே இறங்கும். முதுகை நேராகப் போய்த் தளர்த்த முயன்றால் அது இன்னும் விறைத்துக்கொள்ளும்; விரல் வழியாகத்தான் அங்கே போக முடியும்.

போனில் வரும் குரல் பழகாத பேச்சாக இருந்தால் பேத்தியையே பேசி ரெக்கார்டு செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, அவசரமில்லாமல் இப்படிப் பேசட்டும்:

"ஆச்சி, கண்ணை மூடிக்கோ. மூச்சு அது பாட்டுக்கு வந்து போகட்டும். வலது கைக் கட்டை விரல்... அது எதையும் பிடிக்க வேண்டாம். ஆள்காட்டி விரல்... நடு விரல்... மோதிர விரல்... சுண்டு விரல்... உள்ளங்கை விரிஞ்சு கெடக்கட்டும். மணிக்கட்டு... முழங்கை... தோள் மெத்தையில எறங்கட்டும். வலது இடுப்பு... தொடை... முழங்கால்... பாதம். இப்ப இடது கைக் கட்டை விரல்..." இடது பக்கமும் முடிந்த பிறகு, "முதுகு முழுக்க மெத்தை மேல. மெத்தை தாங்கிக்கிடும். நீ தாங்க வேண்டாம்." கடைசியில் நெற்றி, கண், தாடை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

பதினைந்து நிமிடம் வந்தால் போதும். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். கை காலை அசைத்து, ஒரு பக்கம் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழும்போது தலை சுற்றும். தளர்வுப் பயிற்சி செய்யப் போய்க் கீழே விழுந்தால் அதைவிடக் கொடுமை இல்லை.

தூங்கிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இரவில் தூங்கினால் சந்தோஷம், அந்தத் தூக்கமே மருந்து. ஆனால் தளர்வது ஒரு கைப்பழக்கம், விழித்திருந்து பழகினால்தான் கைவரும். அதனால் மதியத்துக்கு மேல் ஒருமுறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தும் செய்யுங்கள். ஒரு மாதத்தில், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதே தோளை இறக்கிவிட உங்களுக்கு வந்துவிடும். அதுதான் நாம் எதிர்பார்க்கும் பலன்.

இது எவ்வளவு வேலை செய்யும்? உள்ளதைச் சொல்கிறேன். அமெரிக்க மருத்துவர் சங்கங்களில் ஒன்று 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்பட்ட முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன் முயல வேண்டியவற்றில் யோகாவும் படிப்படியான தசைத் தளர்வும் இருக்கின்றன. அதே வருடம் பாஸ்டனில் 320 பேரிடம் நடந்த ஆய்வில், பன்னிரண்டு வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குக் குறையாத பலன் தந்தது. அதற்கு முந்தைய வருடம் 65 வயது தாண்டிய 282 பேருக்கு எட்டு வாரம் தியானப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவில் நடமாட்டம் முன்னேறியது. ஆறு மாதத்தில் அந்த முன்னேற்றம் கரைந்துவிட்டது. யோகாவால் வரும் பலன் பொதுவாகச் சிறியது, மற்ற உடற்பயிற்சிகளுக்கு ஏறக்குறையச் சமம். வலியைத் துடைத்து எடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் உங்கள் வயதில் பாதி வழியில் உட்காராமல் ரேஷன் கடைக்குப் போய்வர முடிந்தால், இரவில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்க முடிந்தால், அது சின்ன விஷயமில்லை. வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்குவதைக் குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அவை சிறுநீரகத்தையும் பிரஷரையும் பாதிக்கும்.

இனி ஆசனம். எந்த ஆசனம் நல்லது என்று கேட்பதற்கு முன், உங்கள் முதுகுக்கு எந்தத் திசை ஆகாது என்று கேட்க வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவருக்கு, புத்தகத்தில் இருந்தபடி, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனத்தைக் கற்றுக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் அவர் கால் வலி கூடி வந்து நின்றார். நடந்தால் கால் கனக்கிறதா, உட்கார்ந்தால் விடுகிறதா என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், தண்டுவடம் போகும் பாதை குறுகியிருக்கலாம் என்று தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு முதுகைப் பின்னால் வளைத்தால் பாதை இன்னும் நெருங்கும். முன்னால் சாய்ந்தாலோ உட்கார்ந்தாலோ விடும். அன்றிலிருந்து அறுபது தாண்டிய யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் ஆரம்பிப்பதில்லை. நீங்கள் கேட்காமலே அதற்கான பதிலை எழுதிவிட்டீர்கள். திண்ணையில் உட்கார்ந்தால் சரியாகிறது என்ற வரியை மருத்துவரிடமும் சொல்லுங்கள். பாதத்தின் நாடியையும் பார்க்கச் சொல்லுங்கள்; காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்தாலும் நடக்கும்போது இப்படிக் கனக்கும்.

ஆக, பின்னால் வளைவது உங்களுக்கு ஆகாமல் போகலாம். எலும்புப்புரை இருந்தால் முன்னால் குனிவதும் ஆகாது. 1984-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எலும்புப்புரை உள்ள 59 பெண்களைக் கவனித்தார்கள். முன்னால் மடங்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 100-க்கு 89 பேருக்கு முதுகெலும்பு புதிதாக நசுங்கியது. நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 16 பேருக்குத்தான். சின்ன ஆய்வுதான், ஆனாலும் நாங்கள் மறக்காத எண்கள் இவை. காலை நீட்டிக் குனிந்து பெருவிரலைப் பிடிக்கும் பச்சிமோத்தாசனம், மல்லாந்து படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனம், நின்று குனிந்து தரையைத் தொடுவது, வேகமாகச் செய்யும் சூரிய நமஸ்காரம், இடுப்பை முறுக்கித் திருகுவது எல்லாம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். கண் அழுத்த நோய் இருக்கிறவர்கள் தலையைக் கீழே வைக்கும் எந்த நிலையும் செய்யக் கூடாது.

மருத்துவர் 'முறிவில்லை, செய்யலாம்' என்று சொன்ன பிறகு, இரண்டு திசையும் இல்லாத நடுவிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஐந்து நிமிடம் தளர்வு. அப்புறம் கட்டிலில் மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை இழுக்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோய், விடும்போது இறக்குங்கள், ஆறு தடவை. பிறகு மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பை நாலு விரல் உயரத்துக்கு மட்டும் தூக்கி இறக்குங்கள். சேதுபந்தாசனத்தின் சின்ன வடிவம் இது. பின்தொடையும் புட்டமும் பலப்பட்டால் முதுகுக்கு வேலை குறையும். அடுத்ததுதான் முக்கியம். சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து, கையை ஊன்றாமல், நெஞ்சை நேராக வைத்தபடி இடுப்பிலிருந்து சாய்ந்து எழுந்து நின்று, மெதுவாக உட்காருங்கள். முதல் வாரம் ஐந்து, போகப் போகப் பத்து. ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். கடைசியாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முடித்ததும் மறுபடி பத்து நிமிடம் கட்டை விரல். செய்யும்போது லேசாக வலித்தால் பயம் இல்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வலி காலுக்குள் இறங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பெல்ட்டை நாள் முழுக்கப் போட வேண்டாம். நாட்பட்ட முதுகு வலிக்கு அதை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஒரேயடியாகக் கழற்றாமல், வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு மணி நேரமாகக் குறையுங்கள். எக்ஸ்-ரேயில் முறிவு தெரிந்து மருத்துவரே சில வாரம் போடச் சொன்னால் அது வேறு, போட்டுக்கொள்ளுங்கள். பீடித் தட்டை மடியிலிருந்து ஒரு மேசைக்கு மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள்.

மறுபடி வகுப்புக்குப் போவதானால், பாயை விரிக்கச் சொல்வதற்கு முன் உங்கள் எலும்பையும் பிரஷரையும் பற்றிக் கேட்கிறவரிடம் போங்கள். உங்கள் முதுகில் கை வைத்து அழுத்த யாரையும் விடாதீர்கள். "வேண்டாம்" என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. சென்னையில் பல காலம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும் ஆளுக்கு ஏற்ற ஆசனம் என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். ஆசனத்துக்காக ஆளை வளைக்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றிலும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஐந்தரை வருடம் அதையே படித்த மருத்துவர்கள், கட்டணமும் இல்லை. போய்வருவது சிரமமென்றால் கிராமச் சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள்.

கோலத்துக்கு வருகிறேன். நின்றபடி குனிந்து போடும் கோலம் வேண்டாம் அம்மா. ஒரு குட்டை ஸ்டூலில் காலை அகட்டி உட்கார்ந்து, நெஞ்சு மடங்காமல் இடுப்பிலிருந்து சாய்ந்து, கைக்கு எட்டுகிற தூரம் மட்டும் போடுங்கள். எட்டாத இடத்துக்கு ஸ்டூலை நகர்த்துங்கள், கையை நீட்டி எட்டாதீர்கள். ஐந்து புள்ளிக் கோலம் போதும். புள்ளியைப் பேத்தி வைக்கட்டும், இழையை நீங்கள் இழுங்கள். காலைப் பனியில் உடம்பு விறைப்பாக இருக்கும், எழுந்து அரை மணி நேரம் நடமாடிய பிறகு வாசலுக்குப் போங்கள். எக்ஸ்-ரே எடுத்ததும் மருத்துவர் சொன்னதையும், பேத்தி அளந்த உயரத்தையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கோலத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பிசியோதெரபிஸ்ட்